ஒரு மணி நேரம் தாருங்கள்: சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கும் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். போன ஆண்டு உங்களில் ஓர் அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியையும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைப் பயன்படுத்துவதையும் தமிழில் சொல்லித்தருகிறேன், காசு வேண்டாம், பயிற்சிப் பொம்மைகளையும் நானே கொண்டுவந்துவிடுகிறேன் என்று கேட்டிருந்தேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஆர்வத்துக்கு நன்றி, நிகழ்ச்சி நிரல் நிறைந்துவிட்டது, தவிர இது மொழி விழா என்பதால் மருத்துவம் பொருந்துமா என்று குழு யோசிக்கிறது என்றார்கள். குழு இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது போலும்.

எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. நல்லவர்கள். அவர்கள் நடத்திய பட்டிமன்றத்துக்குப் போய் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மொழி விழாவில் மருத்துவம் பொருந்துமா? பொருந்தும் என்று நான் நினைப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றை உங்கள் எல்லாரிடமும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: சில ஆண்டுகள் ஆம்புலன்சில் வேலை பார்த்தேன். இப்போது சுகாதார அறிவியல் துறையில் இருக்கிறேன். பாதி நேரம் மருத்துவமனைக்கு வெளியே திடீரென்று இதயம் நின்றுபோகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. மீதி நேரம் மாணவர்களுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதை வீட்டில் விளக்கி அலுத்துவிட்டது. அம்மா இன்னமும் "டாக்டரா, நர்ஸா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்கிறார்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வட்டாரத்தில் முதியோருக்கான முதலுதவிப் பயிற்சி நடந்தது. பயிற்றுநர் ஆங்கிலத்தில் பேசப் பேச, ஒரு தொண்டூழியர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னதைத் தொண்டூழியர், "நெஞ்சுக்குழியில கைய வச்சு நல்லா அழுத்துங்க" என்று சொன்னார். முன்வரிசையில் இருந்த ஓர் அங்கிள் முட்டி போட்டு உட்கார்ந்து, கையைப் பொம்மையின் மார்பிலிருந்து இறக்கி, விலா எலும்புகள் இரண்டு பக்கமும் பிரிந்து போகிற அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக வைத்தார். அடுத்தடுத்து வந்த ஆறு பேரும் அங்கேதான் வைத்தார்கள். தப்பில்லை. தமிழில் நெஞ்சுக்குழி என்றால் அந்த இடம்தான். எரிச்சல் வந்தால் நாம் தடவிக்கொள்கிற இடம்.

அந்தப் பள்ளத்தின் மேல் விளிம்பில், மார்பெலும்பின் நுனியில், சின்னதாக வாள்முனை போல ஒரு குருத்தெலும்பு தொங்கும். அதற்குப் பின்னால் கல்லீரலின் இடது பகுதியும் இரைப்பையும் இருக்கின்றன. இதயம் அதற்கு மேலே, மார்பெலும்புக்குப் பின்னால். சிபிஆர் என்பது வேறொன்றுமில்லை, மார்பெலும்பை அழுத்தி, அதற்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கும் இதயத்தையும் நெஞ்சறையையும் பிழிந்து மூளைக்கு ரத்தத்தைத் தள்ளுவது. பள்ளத்தில் அழுத்தினால் வாந்தி வரலாம், கல்லீரல் கிழியலாம். மூளைக்கு ரத்தம் போகாது.

ஒரே ஒரு சொல், கை நாலு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: "நடு மார்புல கைக்கு ஒரு எலும்பு தட்டுப்படும் பாருங்க. அந்த எலும்போட கீழ்ப்பாதி. எலும்பு முடிஞ்சு மெத்துன்னு வந்துட்டா ரொம்ப இறங்கிட்டீங்கன்னு அர்த்தம், மேல ஏறுங்க." இதைச் சொன்னால் யாருக்கும் தப்புவதில்லை. மருத்துவச் சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது இரண்டு பேர்: உடம்பு தெரிந்த ஒருவர், தமிழ் தெரிந்த ஒருவர். இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அறை உங்களிடம் இருக்கிறது.

அடுத்த சொல், "இழுக்குது".

2008ஆம் ஆண்டு, எங்கள் பெரியப்பா சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் இல்லை. பெரியம்மாவும் அண்ணனும் இருந்தார்கள். ஆம்புலன்சுக்கு உடனே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று பல முறை கேட்டிருக்கிறேன். "மூச்சு இருந்துச்சும்மா, இழுத்துக்கிட்டுத்தான் இருந்தாரு" என்பார் பெரியம்மா. அதனால் தலையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்காலைத் தேய்த்திருக்கிறார்கள். ஸ்பூனால் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

இதயம் திடீரென்று நின்றவுடன் மூச்சு முழுவதும் நின்றுவிடுவதில்லை. மூளையின் அடித்தண்டு இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருப்பதால், கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து திறந்து மூடும். குறட்டை போல, கொர் கொர்ரென்று, நீண்ட இடைவெளி விட்டு வரும். அது மூச்சே இல்லை. அதைப் பார்த்த அந்தக் கணமே நெஞ்சில் கை வைத்தாக வேண்டும். மருத்துவத்தில் இதற்கு வாயில் நுழையாத பெயர் இருக்கிறது. நம் பாட்டிமார்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். எவ்வளவு துல்லியமான சொல் பாருங்கள்! ஆனால் அந்தக் காலத்தில் 'இழுக்குது' என்று சொன்னால் அடுத்து செய்ய இருந்தது ஒன்றுதான், உறவுக்காரர்களைக் கூப்பிட்டு வாயில் பால் ஊற்றுவது. இன்றைக்கு அதே சொல்லைக் கேட்டதும் கை மார்பெலும்புக்குப் போக வேண்டும். ஒரு சொல்லின் பொருளை இப்படி மாற்ற மருத்துவமனையால் முடியாது. பட்டிமன்ற மேடையால் முடியும்.

ஆம்புலன்சுக்கான 995 எண்ணுக்கு அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர் முதலில் தெரிந்துகொள்ளப் பார்ப்பதே ஆள் அசைகிறாரா, சாதாரணமாக மூச்சு விடுகிறாரா என்பதைத்தான். தொலைபேசியிலேயே சிபிஆர் செய்யச் சொல்லி, கூடவே எண்ணிக்கொடுக்கும் முறை இங்கே 2012இல் தொடங்கியது. பெரியப்பாவுக்கு அது நாலு வருடம் பிந்திவிட்டது. இன்றைக்கும் "மூச்சு இருக்கா?" என்றால் "இருக்கு, இழுக்குது" என்று யாராவது பதில் சொன்னால், அந்த 'இருக்கு'தான் மறுமுனையில் போய்ச் சேர்கிறது.

மூன்றாவது, மாரடைப்பு. இதை நீட்ட வேண்டாம் என்று பார்க்கிறேன். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு. ஆள் விழித்திருப்பார், வியர்த்துக்கொட்டும், நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவும், பேசுவார். இதயமே துடிக்காமல் நின்றுவிடுவது இதயநிறுத்தம். ஆள் சுருண்டு விழுவார், எழுப்பினால் எழமாட்டார். முதலாவது சில சமயம் இரண்டாவதில் கொண்டுபோய் விடும். நாமோ இரண்டுக்கும் மாரடைப்பு என்றே சொல்கிறோம், செய்தியிலும் அப்படித்தான் வருகிறது. முதலாவதற்குச் சிபிஆர் கூடாது, இரண்டாவதற்குச் சிபிஆர் இல்லாமல் முடியாது. பெயரைக் குழப்பினால் கையும் குழம்பும்.

இப்போது சில எண்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகிறது. பெரும்பாலும் வீட்டில்தான். யாரும் எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் இலக்கு, பத்தில் எட்டு அழைப்புகளுக்கு 11 நிமிடத்துக்குள் வந்துவிடுவது. வந்த பிறகு மின்தூக்கி இருக்கிறது, நீண்ட தாழ்வாரம் இருக்கிறது, பூட்டிய இரும்புக் கதவு இருக்கிறது. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினோரு நிமிடமும் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான்.

நல்ல செய்தியும் உண்டு. 2011 வாக்கில் இப்படி விழுந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் செய்தார்கள். பத்து வருடத்துக்குள் அது பாதிக்கு மேல் போய்விட்டது. தொலைபேசி வழிகாட்டுதல், 2015இல் வந்த மைரெஸ்பாண்டர் செயலி, இரண்டு புளோக்குக்கு ஒரு ஏஇடி என்று வீவக கீழ்த்தளங்களில் கருவி மாட்டியது, பள்ளிகளில் பயிற்சி எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 400 மீட்டர் சுற்றளவில் யாருக்காவது இதயம் நின்றால் செயலி வைத்திருப்பவரின் கைப்பேசி அலறும். ஜப்பான், தென்கொரியா, தைவான், மலேசியா, தாய்லாந்து, ஐக்கிய அரபு சிற்றரசுகள் ஆகியவற்றோடு சேர்ந்து 2010 முதல் ஆசிய அளவில் நடக்கும் தரவுத் திரட்டலும் இங்கிருந்துதான் ஒருங்கிணைக்கப்படுகிறது. ஊர் பெருமைப்படலாம். அதே ஊரில் சீனர்களைவிட மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் மாரடைப்பு அதிகம் வருகிறது. நம் மண்டபங்களில் வடை பாயசத்தோடு விருந்து நடக்கும்போது இதை நான் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. (நானும் இரண்டு வடை சாப்பிடுகிறேன். அது வேறு.)

உங்கள் கோயில் மண்டபத்தில் ஏஇடி எந்தச் சுவரில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு கோயிலில் கேட்டேன். பெயர் வேண்டாம். மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டினார்கள். கடைசியில் நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் இருந்தது.

இனி, பேசக் கூச்சமாக இருக்கும் விஷயம். பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே அக்கம்பக்கத்தார் சிபிஆர் செய்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. தொடுவதற்குத் தயக்கம். நம்மிடையே அந்தத் தயக்கம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போதாக்குறைக்குப் பயிற்சிப் பொம்மையும் அப்படி. 1960இல் நார்வேயில் செய்யப்பட்ட அந்தப் பொம்மைக்கு ஒரு இளம்பெண்ணின் முகம். ஆனால் மார்பு தட்டையாக, ஆண் மார்பு மாதிரி. உலகமே அறுபது வருடத்துக்கு மேல் அதில்தான் பழகுகிறது. அதில் பழகிய கை, புடவை கட்டிய ஆண்டி ஒருவர் கல்யாண மண்டபத்தில் விழுந்தால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறத்தானே செய்யும்?

ஆகவே என் வகுப்பில் இதை வெளிப்படையாகவே பேசுகிறேன். அழுத்துவதற்குத் துணியை விலக்கத் தேவையில்லை, புடவைக்கு மேலேயே அழுத்தலாம். ஏஇடியின் இரண்டு ஒட்டிகளை, அதாவது மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டைகளை, ஒட்டுவதற்கு மட்டும் வெறும் தோல் வேண்டும். ஒரு ஒட்டி வலது காறையெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். ரவிக்கையைக் கத்தரிக்க வேண்டியிருந்தால் கத்தரித்துவிடுங்கள், பெட்டியிலேயே பெரும்பாலும் கத்தரிக்கோல் இருக்கும். தாலியைக் கழற்ற வேண்டாம். ஒட்டி படும் இடத்திலிருந்து சங்கிலியை ஓரமாகத் தள்ளினால் போதும். இதைச் சொன்னதும் பெண்கள் வரிசையில் ஒரு பெருமூச்சு கேட்கும், ஒவ்வொரு முறையும். சுற்றி நிற்பவர்கள் வேடிக்கை பார்க்காமல் வெளிப்பக்கமாகத் திரும்பி நின்று ஒரு வேட்டியையோ துப்பட்டாவையோ திரையாகப் பிடிக்கலாம். நாலு பேர் போதும்.

தமிழில் சொல்லிக்கொடுத்ததில் நானே கற்றுக்கொண்ட ஒன்று. நிமிடத்துக்கு 100லிருந்து 120 தடவை அழுத்த வேண்டும், 4 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். முப்பது வரை வாய்விட்டு எண்ணச் சொல்வது வழக்கம். தமிழில் எண்ணினால் பதினொன்றைத் தாண்டியதும் வேகம் தடுக்குகிறது. 'இருபத்தெட்டு' என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அழுத்தம் தாமதமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியிலிருந்து வந்திருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர்தான் இதற்கு வழி சொன்னார்: "அக்கா, ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் மூணு தடவை சொன்னா முடிஞ்சிருச்சே!" இவ்வளவு எளிய விடை என் மண்டைக்கு வரவில்லை. அவர்கள் உடம்பால் வேலை செய்பவர்கள். தோளைப் பூட்டி, முழங்கை மடங்காமல், இடுப்பிலிருந்து எடையைக் கொடுப்பது முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டது. எங்கள் பட்டதாரிகளுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். இன்னொரு வகுப்பில் ஒரு பாட்டி, கும்மியடிக்கிற வேகம்தான் இது என்றார். தட்டிப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது.

அந்தத் தம்பிமார்களும் உங்கள் கோயிலுக்கு வருகிறார்கள், தைப்பூசத்தில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிக்குப் பின்னால் நடக்கிறார்கள். விடுதியில் ஒருவர் விழுந்தால் முதலில் கை வைக்கப்போவது அடுத்த கட்டிலில் இருப்பவர். அவருக்குத் தமிழில் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சிபிஆர் செய்யும்போது 'கடக்' என்று ஒரு சத்தம் வரும், வயதானவர்களிடம் குறிப்பாக. விலா உடைந்துவிட்டது என்று பயந்து பாதியில் கையை எடுத்துவிடுகிறார்கள். விலா எலும்பையும் மார்பெலும்பையும் இணைப்பது குருத்தெலும்பு. சின்ன வயதில் வளையும். வயதாக ஆகச் சுண்ணாம்பு படிந்து எலும்பு போலவே ஆகிவிடும், அழுத்தினால் விரிசல் விடும். விரிசல் விட்டால் விடட்டும், ஆறிவிடும். நிறுத்தாதீர்கள். இதை நான் இவ்வளவு தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் புத்தகம் இல்லை. அந்தக் குருத்தெலும்பை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இருபது வயது மாணவர்களின் உள்ளங்கையில் வைத்து, வளைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வளையவில்லை என்பதை அவர்கள் விரல் தெரிந்துகொண்டது.

அதைத் தந்தவர் ஒரு மனிதர். தன் உடலைப் படிப்புக்காக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்.

இந்த மடலின் இன்னொரு கோரிக்கை இதுதான். உடல் கொடையைப் பற்றி உங்கள் மண்டபத்தில் ஒரு மாலை பேச விடுங்கள். கொடுங்கள் என்று சொல்ல வரவில்லை, பேச விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏன் இன்னும் நிஜ உடம்பு தேவை என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் மாதிரிகள் இருக்கின்றன, திரையில் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் மேசைகள் இருக்கின்றன. உடலின் நீரையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுப் பிசின் ஏற்றிப் பதப்படுத்தும் முறையை 1977இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள், இங்கேயும் அப்படிப்பட்ட உடல் பாகங்களை வைத்துப் பாடம் நடக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். விரலைத் தொண்டையின் முன்பக்க மேட்டில் வையுங்கள். மெதுவாகக் கீழே சறுக்கினால் ஒரு சின்னப் பள்ளம், அதற்கடுத்து வளையம் போல ஒரு குருத்தெலும்பு. மூச்சுப்பாதை மேலே முழுவதும் அடைத்து, வேறு எந்த வழியும் பலிக்காதபோது, அந்தப் பள்ளத்தில்தான் துளையிட்டுக் குழாய் செருகுவார்கள். கிடைக்கும் நேரம் ஓரிரு நிமிடம். ஆண்களுக்குக் குரல்வளை துருத்திக்கொண்டிருப்பதால் அந்தப் பள்ளம் எளிதில் அகப்படும். பெண்களின் கழுத்திலும் பருத்த கழுத்திலும் அனுபவமுள்ள மருத்துவர்களே இடம் தவறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாக் கழுத்தும் ஒரே மாதிரி இருக்கும் பொம்மையில் பத்தாயிரம் தடவை பழகினாலும் இது வராது. ஒரு மெலிந்த தாத்தா, ஒரு பருமனான ஆண்டி, ஒரு நடுத்தர வயதுக்காரர் என்று வேறு வேறு கழுத்துகளில் பழக வேண்டும். பழகுவதற்கு யாரோ இடம் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரின் முதல் மருத்துவப் பள்ளி 1905இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை இங்கே உடல் கொடை தாராளமாக வந்த காலம் கிடையாது. யாரும் உரிமை கோராமல் விடப்பட்ட உடல்களை நம்பித்தான் நெடுநாள் ஓடியது. தைவானில் புத்தமத அறநிறுவனம் ஒன்று, உடலைக் கொடுத்தவர்களை 'மௌன ஆசான்' என்று போற்றி, மாணவர்களை அந்தக் குடும்பங்களைச் சந்திக்க வைத்து, அறுப்பதற்கு முன்பும் பின்பும் சடங்கோடு வணங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சிந்தனை இங்குள்ள மருத்துவக் கல்விக்கும் வந்திருக்கிறது. எங்கள் கூடத்தில் முதல் வகுப்பில் யாரும் சொல்லாமலே மாணவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஃபார்மலின் வாடை கண்ணைக் கரிக்கும். ஒரு பையன் போன வருடம் வகுப்பு முடிந்ததும், துணியை முகத்தின் மேல் திரும்ப இழுத்துவிட்டு, காலடியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனான். நம் பையன்தான். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் முதல் பதில், "அதான் சட்டமே இருக்கே, நம்ம எல்லாரும் ஏற்கெனவே கொடுத்தாச்சுல்ல" என்பது. இல்லை. 1987இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 21 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மறுப்பு எழுதிக் கொடுக்காவிட்டால், இறந்த பிறகு சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவற்றை மாற்றுச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ள வகை செய்கிறது. படிப்புக்கு முழு உடலைக் கொடுப்பது அதில் வராது. அது 1972ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். 18 வயது ஆன எவரும் தாமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் திரும்பப் பெறலாம். ஒருவர் எதிர்ப்புச் சொல்லாமல் இறந்திருந்தால் அவர் குடும்பமும் கொடுக்க முன்வரலாம். கொடுத்த எல்லா உடலையும் ஏற்றுக்கொள்வார்கள் என்பதுமில்லை, தொற்றுநோய் போன்ற காரணங்களால் மறுக்கலாம்.

நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தோசை வார்த்துக்கொண்டே கேட்டார், "அப்ப காரியம் எப்படிப் பண்றது?" சரியான கேள்வி. உடல் பக்கத்தில் இல்லாமல் பதினாறாம் நாள் செய்யலாமா? படிப்பு முடிந்து சில வருடம் கழித்துத் தகனம் நடக்கும்போது கொள்ளி வைக்க யார் போவது? சாம்பலைக் கரைக்க ஏற்பாடு உண்டா? உறுப்பு குறைந்தால் அடுத்த பிறவியில் குறையோடு பிறப்போமா? இவற்றில் பாதிக்கு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பதில் சொல்லலாம். மீதியைக் குருக்கள்தான் சொல்ல வேண்டும். இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைக்க உங்களைத் தவிர யாராலும் ஆகாது. நான் கூப்பிட்டால் குருக்கள் வரமாட்டார், நீங்கள் கூப்பிட்டால் வருவார். பண்டைக்கால அறுவை மருத்துவர் சுசுருதரே உடலை நாணலில் சுற்றி ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, பிறகு அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்துப் படிக்கச் சொன்னவர் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அவரு சொன்னாரு, அவங்கம்மா என்ன சொன்னாங்களோ" என்றார்.

திரும்ப அந்தக் கேள்விக்கு வருகிறேன். மொழி விழாவில் மருத்துவம் பொருந்துமா? 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற மருத்துவர், மானிப்பாயில் உட்கார்ந்து நம் பிள்ளைகளுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறியல், அறுவை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி அச்சிட்டார். ஒவ்வோர் எலும்புக்கும் தசைக்கும் தமிழ்ப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொண்டார். கூடவே, தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் இங்கே நிறைய இருக்கிறோம், நானும் ஒருத்தி. வெளியூர்க்காரர் ஒருவர் 170 வருடத்துக்கு முன் செய்த வேலை. நாம் இன்றைக்கு நெஞ்சுக்குழிக்கும் மார்பெலும்புக்கும் வித்தியாசம் சொல்ல ஒரு மணி நேரம் கிடைக்காமல் நிற்கிறோம். நாலு மொழிச் சுவரொட்டியில் கடைசி வரியாக ஒட்டிக்கொண்டு வரும் தமிழே போதும் என்று விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எனக்கு வேண்டியது: தரையில் பாய், இருபது பேர், ஒரு மணி நேரம். நாற்காலி வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். பொன்னாடையும் வேண்டாம், தயவுசெய்து. அர்ச்சனை முடிந்து பிரசாதத்துக்கு வரிசை நிற்கிற நேரம் என்றாலும் சம்மதம். முட்டி வலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், அவர்களுக்கு 995இல் என்ன சொல்வது, ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைச் சொல்வது, கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய் ஏஇடியை எடுத்துவர யாரை அனுப்புவது என்று வேறு வேலை வைத்திருக்கிறேன். உடல் கொடைப் பேச்சுக்கு வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், அதற்குக் காபி இருந்தால் நல்லது. பேச்சு நீளும்.

தேக்காவில் மலிவு விலையில் ஒரு பாலியெஸ்டர் புடவை வாங்கி வைத்திருக்கிறேன், பொம்மைக்குக் கட்டிவிட. வகுப்புக்கு அரை மணி முன்னதாக உங்கள் மகளிர் குழுவிலிருந்து யாராவது ஓர் அம்மா வந்தால் உதவியாக இருக்கும். எனக்கு இன்னும் கொசுவம் ஒழுங்காக வராது.

இப்படிக்கு,
உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் உங்களில் ஒருத்தி